குளிரில் நின்றுபோன அதிர்வு

திண்டிவனத்தை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் நான் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில், எங்கள் ஆய்வுக்கூடத்துக்கான திரவ நைட்ரஜன் மாட்டாஸ்பத்திரி வாசலில்தான் கிடைத்தது. சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் கெடாமல் இருக்க அந்தக் கடுங்குளிர்த் திரவம் வேண்டும். கால்நடை மருந்தகங்களுக்கு அதை ஊற்றிக்கொண்டே போகும் வண்டி வாரத்துக்கு ஒருநாள் எங்கள் பக்கம் வரும். கல்லூரியின் கேனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், மாடுகளோடு வந்திருப்பவர்களுக்கு நடுவில் நானும் நிற்பேன். முதலில் மருந்தகத்தின் கேன்கள் நிரம்பும். மிச்சம் இருந்தால் எனக்கு. அந்த முறையில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. ஒரு பசு ஒரு பருவம் சினை பிடிக்காமல் போனால் ஒரு குடும்பத்தின் பால் வரத்தே தப்பிவிடும். என் சோதனை ஒரு வாரம் தள்ளிப்போனால் யாருக்கும் எதுவும் ஆகாது. விட்டுக்கொடுப்பது எனக்கு எளிதாக வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தத் திரவத்தை நான் டைட்டானியத்தின் மேல் பாய்ச்சினேன். முறிந்த எலும்பில் பொருத்தும் தகடுகளும் திருகுகளும் செய்யும் உலோகம் அது. இலேசானது, துருப்பிடிக்காதது, உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் லேத்தில் மாட்டிக் கடையத் தொடங்கினால் அதன் பிடிவாதம் தெரியும். வெட்டும்போது பிறக்கும் சூட்டை அது தனக்குள் வாங்கிக் கடத்தாது. அந்தச் சூடு முழுவதும் வெட்டுகிற கூர்முனையிலேயே தங்கி முனையைத் தின்றுவிடும். எண்ணெய் கலந்த நீரை ஊற்றித்தான் பட்டறைகளில் சமாளிக்கிறார்கள். படித்து முடித்த கையோடு பயிற்சிக்குப் போன ஒரு பட்டறையில், அந்த எண்ணெய் நீர் என்ன செய்யும் என்பதைப் பார்த்தேன். லேத் ஓட்டுபவர்களின் முன்கைகளில் தோல் தடித்து வெடித்திருந்தது. பழைய எண்ணெய் நீர் பட்டறைக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் போனது. வாய்க்கால் எங்கே போகிறது என்று கேட்டேன். மேற்பார்வையாளர் என்னை அடுத்த லேத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். நைட்ரஜன் வேலை முடிந்ததும் காற்றோடு கலந்துவிடும், யாருடைய கையிலும் எதையும் மிச்சம் வைக்காது. அதனால்தான் அதைத் தேர்ந்தேன். என் ஆய்வுக்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் எனக்குள் நிகழ்ந்தது விளங்காது.

நான் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் கழித்து அவள் வந்தாள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துப் பெண். நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பம். அவள்தான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அவளுடைய ஆய்வு மீயொலி அதிர்வு. அடி தடித்தும் நுனி ஒடுங்கியும் இருக்கும் ஓர் உலோகத் தண்டு. ஆய்வுக்கூடத்தில் அதை ஹார்ன் என்போம். அதன் நுனியில் வெட்டுமுனையைப் பொருத்தி, மின்சாரத்தால் நொடிக்கு இருபதாயிரம் முறை அதிரச் செய்வாள். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. வெட்டுமுனை உலோகத்தைத் தொடர்ந்து அழுத்தாமல், தொட்டுத் தொட்டு விலகும். அதனால் வெட்டுவதற்கான விசை வெகுவாகக் குறையும்.

அதிர்வு இருக்கிறதா என்று அறிய அவள் செய்த சோதனை கல்லூரி முழுக்கப் பேச்சானது. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் ஹார்னின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பாள். சொட்டு விழுந்த கணத்தில் பனிப்புகையாகச் சிதறிக் காணாமல் போகும். பக்கத்து வகுப்பு மாணவர்கள் அதைப் பார்க்கவே வந்து நின்றார்கள். அதற்கு முன்பு அவர்கள் என்னுடைய கேனிலிருந்து வழியும் புகையைப் பார்க்கத்தான் வருவார்கள். எனக்குப் பொகையக்கா என்று பெயரே வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர்கள் அப்படி அழைப்பதை நிறுத்திய வாரத்தை நான் கவனித்தேன்.

எங்கள் பேராசிரியர் என்னை மேடம் என்பார். மரியாதையும் கேலியும் சேர்ந்த விளிப்பு அது. அவளை முதல் நாளிலிருந்தே வாம்மா என்றார். நானும் அவரிடம் ஒரு காலத்தில் வாம்மாவாக இருந்திருக்கிறேனா என்று நினைவில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

விழுப்புரத்தில் எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறது. சிறு வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் ஒப்புவிக்கச் சொல்வார்கள். அதில் காய்மகாரம் என்று ஒன்று வரும். மற்ற பாவங்களைச் செய்பவருக்கு அவற்றால் ஏதோ ஒரு சுகமாவது உண்டு. பிறர் நன்மையைக் கண்டு காய்வதில் காய்பவருக்கு என்ன கிடைக்கும் என்று அப்போது புரியவில்லை. அந்தச் சொல் வேறெங்கும் காதில் விழாததால், அது வழக்கொழிந்த ஏதோ ஒரு நோய் என்றுகூட எண்ணியிருந்தேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு இருவரும் ஒரே பேருந்தில்தான் போவோம். அவள் தன் ஊர்ப் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்து, சன்னல் வழியாகத் துப்பட்டாவை வீசி இரண்டு இடம் பிடித்துவைப்பாள். விக்கிரவாண்டி தாண்டியதும் கேப்பை அடையைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுப்பாள். முருங்கைக்கீரை போட்டு அவள் அம்மா தட்டிய அடை. அது சுமாராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒருநாள் கேனைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எங்கூட்டுச் செவலைக்கு ஊசி போட வர்றவரு தூக்கிக்கினு வருவாரே, அந்தக் கேன் தானக்கா இது? சின்னப் புள்ளையில அந்தப் பொகையில கைய வுட்டுட்டு எங்கம்மாகிட்ட செமையா வாங்கியிருக்கேன்" என்றாள்.

நான் சிரித்தேன். திரவ நைட்ரஜனை நான் முதலில் சந்தித்தது பாடப்புத்தகத்தின் ஓர் அட்டவணையில். என் நைட்ரஜனைக்கூட அவள் எனக்கு முன்பே, அதுவும் கையால், அறிந்திருக்கிறாள் என்பது கூட்டேரிப்பட்டு வரை உள்ளே உறுத்திக்கொண்டு வந்தது.

இதெல்லாம் சில்லறை உறுத்தல்களாகவே கழிந்திருக்கக்கூடும். அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் பேராசிரியர் எங்கள் இருவரையும் ஒன்றாக அழைத்து ஒரு செய்தி சொன்னார். பக்கத்துத் தொழிற்பேட்டையில் எலும்புத் திருகுகள் செய்யும் ஒரு நிறுவனம் புதிதாக வந்திருக்கிறது. எண்ணெய் நீர் இல்லாமல் டைட்டானியத்தைக் கடையும் ஒரு பிரிவைத் தொடங்க விரும்புகிறார்கள். நம் கூடத்தில் செய்துகாட்டும் முறை அவர்களுக்குப் பிடித்துப்போனால், அதைச் செய்தவரையே அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளராக எடுத்துக்கொள்வார்கள். ஒரு இடம்தான் என்றார். பிறகு, இருவரும் தனித்தனியாக ஓடாமல் குளிரையும் அதிர்வையும் ஒரே வெட்டுமுனையில் சேர்த்துப் பார்க்கலாமே என்றார். முனை விலகும் ஒவ்வொரு நுண்ணிய இடைவெளியிலும் குளிர் உள்ளே புகும். தனித்தனியாகச் செய்ய முடியாததை இரண்டும் சேர்ந்து செய்யும் என்பது அவர் கணிப்பு.

அந்த இடத்தை நான் எவ்வளவு வேண்டினேன் என்று சொல்வது கடினம். ஆய்வுக் கட்டுரைகளில் அடைந்துகிடக்கும் ஒரு முறை உண்மையான பட்டறைக்குள் நுழைந்து, உண்மையான முன்கைகளைக் காப்பாற்றும். அதை நான் முன்நின்று செய்வேன். எத்தனையோ பயணங்களில் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பட்டறையை நான் சுற்றி வந்திருக்கிறேன். அந்தக் கனவில் ஹார்ன் இல்லை.

சேர்த்துச் செய்யத் தொடங்கியதும் ஹார்ன்தான் நடுவுக்கு வந்தது. அது அவளுடையது, வெட்டுமுனை அதன் நுனியில் இருந்தது, வேகம், ஆழம் எல்லாவற்றையும் அதற்கேற்பவே வைக்க வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் ஒட்டும் இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றி எடுத்த பழைய ஜெனரேட்டரைக் கொண்டு அவள் ஹார்னை இயக்கினாள். குமிழைத் திருகி, அதிர்வின் அளவைக் காட்டும் முள் உச்சத்தில் நிற்கும்வரை சுதி சேர்ப்பாள். சொட்டு வைத்துப் பார்ப்பாள். சிதறியதும் எல்லாரும் தடுப்புத் திரைக்கு இந்தப்பக்கம் வந்துவிடுவோம். பிறகு பேராசிரியர், "மேடம், வால்வு" என்பார். நான் திறப்பேன். ஆண்டுக்கணக்கில் நான் செய்த ஆய்வு ஒரு குழாயைத் திறந்து மூடுவதாகச் சுருங்கியிருந்தது.

முடிவுகள் நன்றாக வந்தன. எண்ணெய் நீரில் கடைந்ததைவிட வெட்டுமுனை வெகுநேரம் தாங்கியது; சீவல் நிறம் மாறாமல் வெள்ளியாக விழுந்தது. பேராசிரியர் மகிழ்ந்து, ரெண்டும் சேர்ந்ததாலதான் இது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். அறிக்கையில் அவள் பெயர் முதலிலும் என் பெயர் அடுத்தும் வந்தது. முறையாகப் பார்த்தால், அதே அமைப்பில் நைட்ரஜனை மட்டும் ஓட்டியும் ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த வாரங்களில் மருந்தகத்துக்குத் தேவை கூடிவிட்டதால் எனக்குக் கிடைத்த மிச்சம் குறைவு. இருந்ததைச் சேர்ப்புச் சோதனைக்கே செலவிட்டோம். ஒப்பீடு அடுத்த நிரப்பலுக்குத் தள்ளிப்போனது. மாட்டுக்குப் போன மிச்சம்தான் அக்காவோட ஆராய்ச்சி என்று அவள் வேடிக்கையாகச் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் கடைந்த தண்டுகளை நான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். யாரும் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை. எங்காவது ஒரு கீறல், ஒரு கிழிசல், முனை வழுக்கிய ஒரு தடம் இருக்காதா என்று தேடினேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போகும் நேரமெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடிவில்லையோடு கழிந்தது. ஒரு தாய் பிள்ளையின் தலையைக் கோதிப் பேன் பார்ப்பதுபோல் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். அன்பு மட்டும் அதில் இல்லை.

கீறல் இல்லை. ஆனால் மூன்றாவது தண்டையோ நான்காவதையோ பார்க்கும்போது வேறொன்று மனத்தில் தட்டியது. அதிர்வோடு வெட்டிய பரப்பில் மீன்செதிள்போல நுண்ணிய பள்ளங்கள் வரிசையாக இருக்க வேண்டும். அவளுடைய பழைய தண்டுகளில் அவை அழகாக இருந்தன. இவற்றில் செதிள் இல்லை. உழுத சால்போல நீண்ட வெற்றுக் கோடுகள் மட்டுமே இருந்தன. அந்தப் பரப்பை எனக்கு நன்றாகத் தெரியும். நைட்ரஜனில் மட்டும் கடைந்த என் தண்டுகளில் ஆண்டுக்கணக்காக நான் பார்த்த பரப்பு அது.

மனம் அப்போது போன வேகத்தை இப்போதும் உணர முடிகிறது. என்னுடைய பழைய தண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றேதான். அப்படியானால் அவள் அதிர்வு எங்கே?

மறுநாள் காலை, இருவரும் இருக்கும்போது, பேராசிரியரிடம் ஒரு சிறு சோதனை செய்யலாமா என்று கேட்டேன். வெட்ட வேண்டாம், வழக்கம்போல் சுதி சேர்த்து, வழக்கம்போல் குளிரைப் பாய்ச்சி, ஹார்னை நிறுத்தாமல் வால்வை மட்டும் மூடிவிட்டு ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம் என்றேன். அவள் சுதி சேர்த்தாள். குளிருக்கு முன் வைத்த சொட்டு வழக்கம்போல் சிதறியது. நான் வால்வைத் திறந்தேன். ஒரு வெட்டுக்கு ஆகும் நேரம் விட்டு மூடினேன். இரைச்சல் அடங்கியதும் திரையை விலக்கி, ஃபில்லரை நானே எடுத்து, உறைபனி பூத்திருந்த நுனியில் ஒரு சொட்டு வைத்தேன்.

சொட்டு அசையவில்லை. அப்படியே உட்கார்ந்து, ஜவ்வரிசி மணிபோல் வெளுத்து உறைந்தது.

அவள் திரைக்கு அந்தப்பக்கம் இருந்த ஜெனரேட்டரைக் குனிந்து பார்த்தாள். முள் கீழே கிடந்தது. கடுங்குளிரில் ஹார்ன் சுருங்கி இறுகியதும் அதன் சுதி மாறிவிட்டது. ஜெனரேட்டர் பழைய சுதியிலேயே அதை அழைத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் ஒட்டும் பட்டறைகளில் யாரும் ஹார்னைக் குளிரவைப்பதில்லை. அந்தப் பழக்கத்தையே நாங்களும் கேள்வியின்றி எடுத்துக்கொண்டுவிட்டோம். நைட்ரஜனின் இரைச்சலில் வெட்டும் ஒலி மாறியது கேட்கவில்லை. புகைக்குப் பின்னால் முள் விழுந்தது தெரியவில்லை.

"அப்ப இத்தினி நாளும்?" என்றார் பேராசிரியர்.

"இத்தினி நாளும் வேலை செஞ்சது குளிர் மட்டுந்தான் சார்" என்றேன். முந்தைய மாலை பேருந்தில் பலமுறை எனக்குள் சொல்லிப்பார்த்த வாக்கியம் அது. நான் சொன்னது முழு உண்மை. சொல்லியே ஆகவேண்டிய உண்மை. அதைச் சொன்னதில் இருந்த இனிப்பு உண்மையிலிருந்து வந்ததல்ல. அறிக்கையின் பெயர் வரிசை மாறும், வால்வைத் திறந்தவளே வேலையைச் செய்தவள் என்றாகும், அந்த இடம் எனக்கு வரும். பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் மேடம் என்ற கேலி இல்லாததையும் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலைப் பேருந்தில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். என்ன ஆறுதல் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, எங்கூர்ல தப்பட்டைய நெருப்புல காச்சித்தான் சுதி ஏத்துவாங்க. அடிக்கிற எடத்துக்கு வந்து, அங்கயே வைக்கோல் கொளுத்திக் காச்சுவாங்க. நாம வூட்லயே காச்சிட்டு எடுத்துக்கினு போயிருக்கோம். போறதுக்குள்ள சுதி எறங்கிப்போச்சி. குளுர வெச்சிட்டு, அப்புறம் சுதி சேத்தா?"

நான் சுங்கச்சாவடி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனையோ நாட்கள் உற்றுப்பார்க்க வேண்டியிருந்தது. அதன் தீர்வு அவளுக்கு ஒரு பேருந்து இருக்கையில், தப்பட்டை வழியாக, ஒரே மாலையில் வந்துவிட்டது. சேர்த்துப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து வண்டி வந்த நாளில் கேன் முழுதாக நிரம்பியது. அவள் ஜெனரேட்டரைத் திரைக்கு இந்தப்பக்கம் இழுத்துவைத்தாள். ஹார்னின் அடிப்பகுதிக்குக் குளிர் ஏறாமல் ஒரு கண்ணாடியிழை வளையம் மாட்டினாள். முதலில் குளிர், ஹார்ன் முழுக்கச் சீராக உறைபனி பூக்கும்வரை காத்திருந்தோம். பிறகுதான் குமிழில் கைவைத்தாள். முள்ளை உச்சத்துக்குக் கொண்டுவந்து, அது நழுவ நழுவ விரலால் பின்தொடர்ந்தாள். என்னிடம், "அக்கா, பொகை ஒரே சீரா வரணும், கூட்டிறாதீங்க, கொறைச்சிறாதீங்க" என்றாள். நான் வால்வைப் பிடித்துக்கொண்டேன். முனை உலோகத்தைத் தொட்டது.

அதுவரை நீண்ட சுருளாக வந்துகொண்டிருந்த சீவல், சிறு சிறு துணுக்குகளாக உதிர்ந்தது. விசைமானியில் கோடு சரிந்து தாழ்ந்து கிடந்தது. லேத்தில் முனகலே இல்லை. நின்றபின் தண்டைத் துடைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். செதிள் செதிளாக, குறையில்லாமல் இருந்தது. இரண்டும் உண்மையிலேயே சேர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று பேராசிரியர் முதலில் சொன்ன கணிப்பு சரியாகிவிட்டது. அவர் அவள் தோளைத் தட்டி, சபாஷ்மா என்றார். பிறகு நினைவு வந்தவராய் என் பக்கம் திரும்பி, நீங்க மட்டும் அந்தச் சொட்டை வெக்கலன்னா இது வந்திருக்காது மேடம் என்றார். நான் வைத்த சொட்டு அவளை முன்பு இருந்ததைவிட உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

அன்று எனக்குள் இருந்த ஒரே ஆறுதல், நைட்ரஜன் தனியாகவும் போதும் என்பது. அந்த முதல் தண்டுகள் எல்லாம் அப்படித்தானே வந்தன? ஒரு சிறு பட்டறையால் ஹார்னையும் ஜெனரேட்டரையும் கட்டி மேய்க்க முடியாது. எளிய முறைதானே நிலைக்கும்? இது நியாயமான வாதம்தான். நிறுவனத்தார் வரும்போது சொல்ல அதை அடுக்கி வைத்தேன். வாதத்துக்கு வலுச்சேர்க்க, மணிக்கட்டு எலும்புக்கான மிக மெல்லிய திருகுத் தண்டு ஒன்றை நைட்ரஜனில் மட்டும் கடைந்தும் பார்த்தேன். தடித்த தண்டில் நன்றாக வந்த முறை, மெல்லிய தண்டில் தடுமாறியது. முனையின் அழுத்தத்துக்குத் தண்டு வளைந்து விலகி, மீண்டும் வந்து மோதி, தலைக்குக் கீழே கழுத்தில் அலையலையாகத் தடம் விட்டது. வேகத்தைக் குறைத்தேன், ஆழத்தைக் குறைத்தேன். தடம் மெலிந்ததே ஒழியப் போகவில்லை. அந்தத் தண்டை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

நிறுவனத்திலிருந்து மேலாளர் அம்மையார் ஒருவர் வந்தார். நரைத்த தலை, குறைந்த பேச்சு. இரண்டும் சேர்ந்து ஓடுவதைப் பார்த்தார். தண்டைக் கையில் வாங்கி நகத்தால் வருடினார். எந்த யோசனை யாருடையது என்று கேட்டார். என் தோழி தயங்காமல், அதிர்வு செத்துப்போனதைக் கண்டுபிடித்தது அக்காதான், இல்லையென்றால் இன்னும் பொய்யான முடிவையே காட்டிக்கொண்டிருப்போம் என்றாள். என்னைக் காட்டிக் கையை நீட்டியபோது அவள் முகத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவள் அதை மறைத்திருந்தால் எனக்கு எவ்வளவு இலேசாக இருந்திருக்கும்.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். தன் பையிலிருந்து திருகு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மெல்லியது. நான் கடைந்து பார்த்த அதே வகை. இவைதான் எங்களுக்கு அதிகம் தேவைப்படுகின்றன, நெடுஞ்சாலையில் விழுந்து மணிக்கட்டு நொறுங்கி வருபவர்கள்தான் அரசு மருத்துவமனைகளில் நிறைய என்றார். பிறகு கேட்டார்.

"குளிர் மட்டும் போதுமாம்மா? அதிர்வு இல்லாம முடியும்னா எங்களுக்கு வேலை சுலபம். நீங்க சொன்னீங்கன்னா அப்படியே வெச்சிக்கிறோம்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். போதும் என்று ஒரு சொல் சொன்னால் ஹார்ன் வேண்டாம். ஹார்ன் வேண்டாமென்றால் அவளும் வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும் என்று சொன்னாலும் அது முழுப் பொய்யாகாது. அந்தத் தடத்தை யாரும் பார்த்திருக்கவில்லை. ஆனால் கழுத்தில் அலைத்தடம் உள்ள திருகு, உள்ளே போன பிறகு ஒருநாள் அந்தத் தடத்திலேதான் முறியும். முறிந்தால் மறுபடி கையைத் திறக்க வேண்டும். அது ஒரு கொத்தனாரின் கையாக இருக்கலாம், கரும்பு வெட்டுபவரின் கையாக இருக்கலாம். முன்கைகளுக்காகத்தான் இந்த ஆய்வுக்கே வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

இழுப்பறையைத் திறந்து அந்தத் தண்டை எடுத்து அவர் திருகுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"தடிச்சதுக்குப் போதுங்க. இதுக்குப் போதாது. அதிர்வும் வேணும்."

அவர் அதையும் நகத்தால் வருடினார். தடம் நகத்தில் இடறியதை முகம் காட்டியது. தலையசைத்தார். அந்த வாரமே அவளுக்கு அழைப்பு வந்தது.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மனம் இலேசாகிவிடும் என்று எண்ணியிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. நல்லதைச் செய்தேன் என்ற நிறைவு ஒரு பக்கம் இருக்க, எரிச்சல் தன் பாட்டுக்கு எரிந்தது. ஒன்று மற்றொன்றை அணைக்கவில்லை. அவள் இப்போது நிறுவனத்தின் வேனில் போகிறாள். நான் அதே கல்லூரியில் ஆசிரியையாகிவிட்டேன். அதே பேருந்து, இடத்தை நானே ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிரிவில் எண்ணெய் நீர் இல்லை. அங்கே வேலை செய்பவர்களின் கைகளைப் போன மாதம் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. பார்த்து மகிழ்ந்தேன், அவர்களை அவள் பேர் சொல்லி அழைத்த உரிமையைப் பார்த்து உடனே காய்ந்தும் போனேன்.

முதல் தொகுதித் திருகுகள் வெளியே போவதற்கு முன் அவள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, டப்பாவை என் கையில் வைத்தாள்.

"அங்க எல்லாம் பாத்துட்டாங்கக்கா, சரியா இருக்குன்றாங்க. நீங்க ஒருவாட்டி பாத்துருங்க. நீங்க பாக்குற மாதிரி யாரும் பாக்க மாட்டாங்க."

அவள் எதை வைத்து அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் டீக்குப் போன நேரங்களில் நான் எங்கே இருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்திருந்தும் வந்திருக்கிறாள் என்றால், அதையும் என்னால் எளிதாகத் தாங்க முடியவில்லை.

மறுநாள் கல்லூரியில் நுண்ணோக்கியின் கீழ் ஒரு திருகை வைத்தேன். தலையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து மரைக்கு, ஒவ்வொரு மரையின் அடிக்கும் போனேன். செதிள்கள் சீராக இருந்தன. பிழை இல்லை. திருகைத் திருப்பி வைத்து, வெளிச்சத்தைச் சாய்த்து, மறுபடி தலையிலிருந்து தொடங்கினேன்.